வெடுக்கு எழுதிய இனிப்பான கடிதங்கள்

குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் எழுத்தருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘வெடுக்கு’. வாயைத் திறந்தாலும் அப்படித்தான், பேனாவைத் திறந்தாலும் அப்படித்தான். ‘குழாய் உடைந்தது உங்கள் வீட்டுக்குள். பிளம்பரைக் கூப்பிடவும்.’ அவ்வளவுதான் பதில். மூன்றாவது வரி அழுது புரண்டாலும் கிடைக்காது. ஆனால் ஒரு மனுவையும் அவர் படிக்காமல் விட்டதில்லை. எழுத்துப் பிழையைக்கூடச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பார்.

போன வருடம் அலுவலகக் கணினியில் செயற்கை நுண்ணறிவைப் போட்டுக் கொடுத்தார்கள். மனுவை ஸ்கேன் செய்து உள்ளே தள்ளினால் பதில் கடிதம் வந்து விழும். முதல் கடிதத்தைப் பார்த்து வெடுக்கு முகம் சுளித்தார். ‘தங்கள் மனவேதனையை முழுமையாக உணர்கிறோம்’ என்று இருந்தது.

“நான் எப்ப உணர்ந்தேன்?” என்று பக்கத்து மேஜைக்காரியிடம் கேட்டார்.

“கையெழுத்துப் போடுங்க சார், தானா உணர்வீங்க” என்றாள் அவள்.

ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மனுவைப் படிப்பது நின்றது. பிறகு பதிலைப் படிப்பதும் நின்றது. கையெழுத்து மட்டும் ஜோராக விழுந்தது. மிச்ச நேரத்தில் செல்போனில் பூனை வீடியோ. மனைவியின் பிறந்தநாள் வாழ்த்தைக்கூட அதையே எழுதச் சொன்னார். அவள் படித்துவிட்டு, “ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒருநாள் காலை, சலவைக் கடை நடத்தும் அம்மா ஒருத்தி மூன்று கடிதங்களோடு வந்து நின்றாள்.

“என்ன வேணும்? சட்டுனு சொல்லுங்க.”

“இதை எழுதின சாரைப் பாக்கணும். எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு அன்பா பேசினதில்ல.”

வெடுக்கு செல்போனைக் கவிழ்த்து வைத்தார். “அவரு... லீவு.”

“தங்கமான மனுஷன். வந்தா சொல்லுங்க. லெட்டர் மூணு வந்துடுச்சு, தண்ணிதான் இன்னும் வரல.”

வாங்கிப் பார்த்தார். மூன்றிலும் அவர் கையெழுத்து. மூன்றும் குழாய்க் கசிவுக்காக உருகின. அவளுடைய மனுவைத் தேடி எடுத்தார். தெருவில் பள்ளம் தோண்டி மூடிய நாளிலிருந்து தண்ணீரே இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தாள். தோண்டியவர்கள் வால்வைத் திறக்காமல் போயிருக்கிறார்கள். படித்திருந்தால் அரை நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

அலுவலகக் குழாய் ஃபிட்டரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பினார். வால்வைத் திருகியதும் சலவைக் கடைக் குழாய் இருமி, செம்மண் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது.

“உங்களுக்கும் நன்றி சார். ஆனா நீங்க அந்த சார்கிட்ட கொஞ்சம் பேசக் கத்துக்கணும்” என்றாள் அந்த அம்மா.

“நான்தாம்மா அந்த சார்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “போங்க சார், விளையாடாதீங்க!”

அலுவலகம் திரும்பியவர், தான் படிக்காமலே பதில் அனுப்பிய மனுக்களையெல்லாம் மேஜையில் கொட்டச் சொன்னார். எழுதியவர்களின் கிறுக்கலைத் திட்டிக்கொண்டே நான்கு நாள் படித்தார். பதினோரு மனுக்களுக்குச் சம்பந்தமில்லாத பதில் போயிருந்தது. பதினோரு வீட்டுக்கும் நேரில் போனார். இரண்டு வீட்டில் சண்டையும் போட்டார். எல்லா வீட்டிலும் தண்ணீர் வந்தது.