ஒரு மாப்பிள்ளைக்கு மூன்று கடிதம்

மாப்பிள்ளை வெளியூரில் கலியாணம் முடிப்பதென்றால், அவருக்கு ஏற்கெனவே மனைவி இல்லை என்று அவருடைய பள்ளிவாசல் கடிதம் கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனையில் எங்கள் பள்ளிவாசல் அலுவலகத்துக்கு அந்த வேலைக்கான கணினி நிரலை எழுதிக் கொடுத்தவள் நான். திரையில் விபரங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், பின்னறையில் இருந்த சேர்வர் கணினி கடிதத்தைத் தயாரித்து அங்கேயே அச்சடிக்கும். செயலாளர் ஹாஜியாருக்கு அது பிடிக்கவில்லை. கணினியா, நானா, எது பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதில்லை.

ஒருநாள் காலையில் கூப்பிட்டு மூன்று கடிதங்களை மேசையில் போட்டார். ஒரே மாப்பிள்ளை, மூன்று வெவ்வேறு கடித இலக்கங்கள். மூன்றையும் ஒரே உறையில் வைத்துக் கொடுத்திருந்தார் அலுவலக எழுதுவினைஞர். மாப்பிள்ளையும் சொன்ன சொல் தட்டாதவர், அப்படியே பெண்ணின் ஊர்ப் பள்ளிவாசலில் ஒப்படைத்துவிட்டார். பெண் வீட்டார் கலியாணத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"மத்த ரெண்டும் ஆருக்கெண்டு கேக்காங்க, புள்ள. இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போ. நாங்க பழையபடி கையால எழுதிக்குவம்."

"அழுத்தினதும் பக்கம் வெள்ளையாப் போச்சு. போகல்லையாக்கும் எண்டு மறுகாவும் அழுத்தின," என்றார் எழுதுவினைஞர்.

அவர் மேல் குற்றமில்லை. கடிதம் தயாராக ஒரு நிமிடம் பிடிக்கும். அதுவரை, அவர் நிரப்பிய பக்கமே வெள்ளையாகிவிடும்படி நான் எழுதியிருந்தேன். ஒவ்வோர் அழுத்தலுக்கும் சேர்வர் புது இலக்கம் போட்டிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டியைத் தூக்கச் சொன்னதில் வந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பிழை என்ட, ஹாஜியார். திருத்துறதும் நான்தான். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்ன சரிவரல்லையெண்டா நானே தூக்கிட்டுப் போறன்."

திரையை இரண்டாகப் பிரித்தேன். நிரப்பிய பக்கம் மேலே அசையாமல் நின்றது. கடிதம் தயாராகும் பக்கம் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பட்டைக்குள் ஓடியது. அழுத்தியதும் 'கடிதம் தயாராகிறது' என்று எழுத்து வரும். அதன்பின் எத்தனை தரம் அழுத்தினாலும் அதே இலக்கம்தான்.

ஹாஜியார் தானே உட்கார்ந்து ஐந்து தரம் அழுத்தினார். பக்கம் அசையவில்லை. பிரின்டர் ஒரு கடிதம் அடித்து ஓய்ந்தது. இன்னொன்று வருகிறதா என்று இரண்டு தரம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு, பெண்ணின் ஊர்ப் பள்ளிவாசலுக்கு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்.

"கொம்பியூட்டர்ட பிழை எண்டு போடு."

"கொம்பியூட்டர் பிழை செய்யல்ல. அத எழுதின நான்தான் செஞ்ச. அப்படித்தான் போடுவன், என்ட கையெழுத்தோட."

"பள்ளிக் கடிதத்தில பொம்புள கையெழுத்துப் போறதில்ல, புள்ள."

"என்ட பிழை பள்ளிக் கடிதத்தில போனதுதானே, ஹாஜியார்? கையெழுத்தும் போகட்டும்."

அவர் பேனாவைத் தரவில்லை. என்னுடைய பேனாவாலேயே போட்டேன். கடிதம் அப்படியே போய்ச் சேர்ந்தது, கலியாணமும் குறித்த நாளில் நடந்தது.