நீலக் குழாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆம்பூரில் நர்ஸாக இருந்த என் அம்மாவே, "உன் வாய்க்கு எவன்டி உன்னை வேலைக்கு வெச்சுப்பான்?" என்பாள். வைத்துக்கொண்டார்கள். ஆலங்காயம் மலையடிவாரத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்து, கேனிலும் பாட்டிலிலும் அடைத்து வேலூர் வரைக்கும் விற்ற ஒரு கம்பெனி. எடுக்கிற தண்ணீருக்குப் பதிலாகச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நல்லது செய்கிறோம் என்று காட்ட வேண்டுமே, அந்த வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, ஏரிக்கரையில் மரக்கன்று, தண்ணீர் கெட்டுப்போன ஊருக்குச் சுத்திகரிப்பு மிஷின். காட்டுகிற வேலை என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதை ஊழியம் என்றே நம்பினேன்.

மிஷின் வைக்கப் போன ஊர் பாலாற்றங்கரையில் இருந்தது. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்போம். ஷாப்புக் கழிவு இறங்கி இறங்கி அந்த ஊர்க் கிணறுகள் எல்லாமே உப்பாகிவிட்டன. ஒன்றைத் தவிர. ஊரின் மேட்டில், ஒரு அக்காவின் கொல்லையில் இருந்த கிணறு மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. வீட்டுக்கு ஒரு குடம் என்று அந்த அக்கா எல்லோருக்கும் கொடுப்பாள். ஒரு கிணறு ஊருக்கே எப்படிப் போதும்? அதனால்தான் நாங்கள் போனோம்.

மிஷினுக்கு இடம் வேண்டும் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்த அக்காதான் தன் கொல்லையின் ஒரு மூலையைக் காட்டினாள்.

"இங்க வெச்சுக்கோங்க மேடம். காசெல்லாம் வேணாம். ஆனா கெணத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆவக்கூடாது. இந்தத் தண்ணிய நம்பித்தான் எம் புள்ளைக்குப் பொண்ணு தேடிகினு இருக்கேன்."

சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்னால் அவன் ஊர்த் தண்ணீரை விசாரிப்பார்கள். உப்புத் தண்ணீர் ஊரென்றால் பேச்சே எழாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அவள் மகனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அவனோடு படித்த பையன்களுக்கெல்லாம் இன்னும் பெண் கிடைக்கவில்லை. அவனுக்கு மட்டும் அந்தக் கிணறு இருந்தது.

"அதுக்கு நான் கியாரண்டிக்கா," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

மிஷின் வந்தது. பஞ்சாயத்து போரிலிருந்து உப்புத் தண்ணீரை உறிஞ்சி, ஒரு குழாயில் நல்ல தண்ணீரும் இன்னொரு குழாயில் உப்பெல்லாம் திரண்ட கழிவுத் தண்ணீருமாகப் பிரித்துத் தள்ளும். கழிவுக்கு நீளமாக ஒரு ரப்பர் டியூப் போட்டு ஊருக்கு வெளியே ஓடையில் விட்டிருந்தோம். மழைநீர் சேகரிப்பு என்று அரசாங்கம் வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டிருந்த காலம். நானும் மிஷின் கொட்டகையின் கூரைத் தண்ணீர் இறங்க, கிணற்றுக்குப் பத்தடி தள்ளி ஒரு குழி வெட்டி ஜல்லியும் மணலும் போட்டேன். மழை பெய்தால் கிணறு ஊறும். நானே யோசித்துச் செய்தது என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வருகிறார் என்று சொன்னது சித்திரை மாதத்தில். கூடவே போட்டோகிராபர். என் குழியோ வறண்டு கிடந்தது. மிஷினைப் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர் ஒருவரை வைத்திருந்தோம், முன்னால் ஷாப்பில் வேலை செய்தவர். அதிகாரி வரும் அன்று காலையில் அவரைக் கூப்பிட்டு, கழிவு டியூபை இன்றைக்கு மட்டும் குழிக்குள் விடச் சொன்னேன்.

"உப்புத் தண்ணியாச்சேம்மா," என்று அவர் தயங்கினார். "கெணறு பக்கத்துலயே கீது."

"ஒரே நாள்ல இன்னா ஆயிடும்? சொன்னதச் செய்யுங்க. பேஜார் பண்ணாதீங்க."

அப்பா வயது அவருக்கு. அப்படித்தான் பேசினேன்.

அதிகாரிக்குக் குழியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கொளுத்துகிற வெயிலில் தண்ணீர்! எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் மண்ணுக்கே திருப்புகிறோம் என்று வாய் கூசாமல் சொன்னேன். பிரமாதம், இதை எல்லா ஊரிலும் செய்யலாம் என்றார். அடுத்த வாரமே டியூபை எடுத்துவிட்டு நிரந்தரமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் பதித்து, நீலப் பெயின்ட் அடித்து, மேலே கம்பெனி போர்டு மாட்டினார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் பேசுகிற வாய் அன்றைக்கு ஊமையாகிவிட்டது. அடுத்த வருஷக் காலண்டரில் குழியும் நானும் இருந்தோம்.

முதலில் பருப்புதான் காட்டிக்கொடுத்தது. "இன்னான்னே தெரியலை மேடம், பருப்பு வேகவே மாட்டேங்குது," என்றாள் அக்கா. பிறகு சோப்பு நுரைக்கவில்லை. கிணற்றோரத் தென்னையின் ஓலை நுனியெல்லாம் கருகியது. ஷாப்புக்காரன் கடைசியில் இந்தக் கிணற்றையும் விடவில்லையே என்று ஊரே வயிறெரிந்தது. தண்ணீர் உப்பானால் வேறு யாரையும் சந்தேகப்படத் தோன்றாது எங்கள் பக்கத்தில்.

ஒரு நாள் மத்தியானம் தனியாகப் போய் நீலக் குழாயில் கையேந்தி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பிறகு கிணற்றில் ஒரு வாளி சேந்தி, அதையும் நாக்கில் வைத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா மாட்டுக் கொட்டகையில் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். "வெயிலு ஜாஸ்தியா கீது, உள்ள வாங்க மேடம்," என்றாள். வேலை இருக்கிறது என்று சொல்லி ஓடி வந்தேன்.

எங்கள் கம்பெனி மேனேஜரிடம் சொன்னேன். "இத்தனை தோல் ஷாப் இருக்கற ஊர்ல, நம்மாலதான்னு எப்படிச் சொல்றீங்க? ஊர்ல யாராவது நம்மைச் சொன்னா மெஷினைக் கழட்டிட்டு வந்துடுவோம், அவ்ளோதான்," என்றார். அதை அப்படியே கொண்டுபோய், கம்பெனி மேல் யாரும் குறை சொன்னால் மிஷின் போய்விடும் என்று ஊரில் சொன்னேன். சொன்னவள் நான்தான். மிஷினைப் பார்த்துக்கொண்டவரும் அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். ஓசைப்படாமல் ஆள் விட்டு நீலக் குழாயை அடைத்து, கழிவைப் பழையபடி ஓடைக்குத் திருப்பினேன். மண்ணுக்குள் இறங்கியதை யார் திருப்புவது?

ஷாப்பின் மேல் கலெக்டருக்கு மனு கொடுப்பதென்று ஊர் கூடி முடிவெடுத்தது. உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும், நீங்களே எழுதுங்கள் மேடம் என்றார்கள். எழுதினேன். இதை எழுத எனக்கே கை கூசுகிறது, அன்றைக்குக் கூசவில்லை. மற்ற கிணறுகளைக் கெடுத்தவர்கள்தானே, இதையும் சேர்த்தால் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கிணற்றுக்குச் சொந்தக்காரியான அக்கா மட்டும், "எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மகன் வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்றார்கள். நானும் அப்படியே நினைத்து, இப்படிப் பயந்தால் எப்படி என்று உள்ளுக்குள் திட்டினேன்.

தை மாதத்தில் ஆலங்காயம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. கிணற்றின் பேரைக் கேள்விப்பட்டு முன்பே பேசி வைத்திருந்த சம்பந்தம். நான் காலையிலேயே போய், மிஷின் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் கிணற்றுத் தண்ணீர் என்று கொடுத்துவிடலாம் என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாளு ஏமாத்திடலாம் மேடம்," என்றாள் அக்கா. "வர்ற பொண்ணு காலம் பூரா இல்ல பாடுபடணும்?"

பெண்ணின் அம்மா தானே வாளியை இறக்கிச் சேந்தினாள். உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். துப்பவில்லை, மரியாதைக்காரி. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிக்க மிஷின் கீதுன்றீங்க, சரி. தலைக்கு ஊத்திக்க? துணி தொவைக்க? எம் பொண்ணு முடியெல்லாம் கொட்டிடும்மா," என்றாள்.

உள்ளே இலை போட்டிருந்தது. சம்பந்தம் பிடித்தால்தான் வந்த இடத்தில் கை நனைப்பார்கள். "போய் சொல்லி அனுப்பறோம்," என்று எழுந்தார்கள். சொல்லி அனுப்பவில்லை. போட்ட இலைகளை ஒவ்வொன்றாக அக்கா எடுத்து மாட்டுக்குப் போட்டாள். அவள் மகன் வாசலில் இஸ்திரி கலையாத சட்டையோடு உட்கார்ந்திருந்தான். வேறு எங்கும் அமையாமல், இரண்டு வருஷம் கழித்து வேலைக்கு என்று பெங்களூர் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

நான் வேலையை விட்டேன். பிறகு கம்பெனியும் அந்தப் பக்கத்தை விட்டுப் போனது. மிஷினுக்குள் மாற்ற வேண்டிய வடிகட்டியை மாற்ற ஆளில்லாமல் அதுவும் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குத் தாங்கவில்லை. பஸ் ஏறிப் போனேன். அக்கா தலை நரைத்துப் போயிருந்தாள். மிஷின் கொட்டகைக் கதவு பூட்டிக் கிடந்தது. வெயிலில் வெளுத்த நீலக் குழாய் அப்படியே இருந்தது.

"அக்கா, உங்க கெணறு ஷாப்பால கெடல. என்னாலதான்," என்றேன். வரும் வழியெல்லாம் நிறையச் சொல்ல வைத்திருந்தேன். அதற்கு மேல் வரவில்லை.

"தெரியும்," என்றாள்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"ரெண்டு தண்ணியையும் நாக்குல வெச்சுப் பார்த்துட்டு மூஞ்சி செத்துப்போய் நின்ன பாரு, மாடு கட்டிகினே பார்த்தேன். அப்பவே தெரியும். அதனாலதான் நீ எழுதின மனுவுல நான் கையெழுத்துப் போடல. பண்ணாத தப்ப ஷாப்புக்காரன் மேல எப்டிப் போடறது?"

"ஏன்க்கா எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா மிஷினைக் கழட்டினு போய்டுவோம்னு நீதானே சொன்ன? ஊரே குடிச்சிகினு இருந்துச்சு." கிணற்றுப் பக்கம் திரும்பினாள். "நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ வர்ற ஒவ்வொரு தடவையும் பார்த்தேன்."

மன்னிப்புக்கூடக் கேட்காமல் எழுந்தேன்.

"எங்க போற? சோறு ஆக்கி வெச்சிருக்கேன். கை நனைச்சிட்டுப் போ," என்றாள்.

இலை போட்டுச் சோறு வைத்து, மேலே சாம்பார் ஊற்றினாள். பருப்பு வேகாமல் முழுசு முழுசாகப் பல்லில் இடறியது. ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.