மூன்று, பிறகு இரண்டு

வார்டு முழுக்க அம்மாவைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஆள் ஐந்தடிகூட இல்லை. அவளுக்குக் கீழே வந்து சேர்ந்தவள் நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். அவள் பெயர் குட்டி சிஸ்டர். இரண்டு பெயரையும் வைத்தது அம்மாதான்.

அம்மாவுக்கு ஒரே மகள். லிஃப்ட் கம்பெனியில் கண்ட்ரோல் போர்டு பழுது பார்ப்பவள். "ஊர்ல ஓடற லிஃப்ட்டெல்லாம் இவ கைல. வீட்டுக் குழாய் மட்டும் சொட்டிக்கிட்டே இருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள். மகள் கண்டுகொள்ளமாட்டாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நின்றவள் அம்மா. வீட்டுத் துண்டுகளைக்கூட ஆஸ்பத்திரி மடிப்பில்தான் மடிப்பாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மணிக்கு மணி எழுதி வைப்பாள். ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அடுத்து வருகிறவள் திண்டாடுவாள் என்பாள். வீட்டில் அடுத்து வருகிறவள் யார் என்று மகள் கேட்டால், "நான்தாண்டி, தூங்கி எழுந்து" என்பாள்.

தொற்று வந்த வருடம் வீட்டின் ஒழுங்கு மாறியது. மத்தியானம் இரண்டரைக்கு அம்மா வருவாள். வாசலிலேயே சோப்புத் தண்ணீர் வாளி. துணி அதற்குள் போகும். குளித்துவிட்டு மேஜையின் ஒரு கோடியில் சாப்பிட உட்காருவாள். மறு கோடியில் மகள், ஜன்னல் திறந்திருக்கும். முகக்கவசம் அழுத்திய கோடு மூக்கின் மேல் சிவப்பாகத் தெரியும். என்னம்மா ஆச்சு என்று மகள் கேட்டதில்லை. கேட்டால் அம்மா சொல்லிவிடுவாள் என்ற பயம் ஒரு காரணம். சொன்னால் தன்னால் என்ன செய்ய முடியும் என்பது இன்னொன்று.

மூன்றாவது மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

"ஏதோ பீப் அடிக்குது. உனக்குக் கேக்கல?"

மகளுக்குக் கேட்கவில்லை. எப்படி அடிக்கிறது என்று கேட்டாள். அம்மா கரண்டியால் தட்டின் விளிம்பில் தட்டிக் காட்டினாள். வேகமாக மூன்று. பிறகு இரண்டு.

உண்மையைச் சொன்னால் மகளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தனை நாள் அம்மாவுக்காகச் செய்ய ஒன்றும் இல்லாமல் இருந்தது. இது அவளுக்குத் தெரிந்த வேலை. ஒழுங்காக அடிக்கும் சத்தத்துக்கு ஒரு பொருள் இருந்தே தீரும். அதைக் கண்டுபிடிக்கலாம், கழற்றலாம், மாட்டலாம்.

வீட்டைத் தலைகீழாக்கினாள். ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்த்தாள். இன்வெர்ட்டரின் வயரைப் பிடுங்கினாள். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியை எடுத்தாள். அது நின்றுபோய் இரண்டு நாள் இருவரும் வேலைக்குத் தாமதமானார்கள். மாடி வீட்டுக்காரரிடம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்கு அலாரம் வைத்திருக்கிறாரா என்று விசாரித்தாள். இல்லையென்றார். இனிமேல் தும்மல் வந்தால்கூட முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவதாக அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னபோது, அம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

அப்போதுதான் ஒரு தாள் தயாரித்தாள். கம்பெனியில் லிஃப்ட் கோளாறுக்கு வைத்திருப்பது போல: தேதி, நேரம், இடம், எவ்வளவு நேரம் அடித்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். கேட்கும்போதெல்லாம் எழுதச் சொன்னாள்.

அம்மா எட்டு நாள் எழுதினாள். முதல் நாள் மூன்று பத்து, மூன்று பன்னிரண்டு, மூன்று பதினான்கு. மறுநாள் மூன்று நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்துநான்கு. எட்டு நாளும் அப்படியே. மும்மூன்று தடவை, நடுவில் இரண்டு நிமிடம்.

மகள் துள்ளிக் குதிக்காத குறை. இரண்டு நிமிட இடைவெளி என்றால் எங்கோ ஒரு டைமர் ஓடுகிறது. சலவை இயந்திரத்தின் போர்டைக் கழற்றிக் கட்டிலில் பரப்பினாள். அம்மா ஒரு வாரம் கையால் துவைத்தாள். ஒன்றில் மட்டும் மகளுக்கு எரிச்சல். இடம் என்ற கட்டம் எட்டு நாளும் காலியாக இருந்தது. எங்கே கேட்கிறது என்று எழுதினால்தானே தேட முடியும் என்று சலித்துக்கொண்டாள். அம்மா தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடாதவள். தெரியலடி என்றாள்.

ஒன்பதாம் நாள் மகள் போனில் சத்தத்தை அளக்கும் செயலியைப் போட்டு மேஜை நடுவில் வைத்தாள். சத்தம் வந்தால் கோடு எகிறும். அம்மா சாப்பிட்டாள். மகள் பேசாமல் இருந்தாள். திடீரென்று அம்மா கையைத் தூக்கி, இப்போது என்று சைகை காட்டினாள்.

மகள் போனை எடுத்து அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "பாரு, கோடு அசையவே இல்ல. சத்தமே இல்லம்மா. போய்க் காதைக் காட்டு."

திரையில் ஒரு நேர்கோடு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கட்டில்களின் தலைமாட்டில் கோடு பார்க்கிறவள் அம்மா. அந்தக் கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. அப்ப இல்ல" என்றாள். தட்டைக் கழுவப் போனாள்.

மறுநாளிலிருந்து கேட்கவில்லை என்று சொல்லிவிட்டாள். மகள் தாளின் அடியில் 'சரியானது' என்று எழுதித் தேதி போட்டு, வீட்டு ரசீதுகளோடு கோப்பில் வைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு இதயம் நின்றுபோனது. கையில் கிளிப் இருந்தது.

அலமாரியைக் காலி செய்து தரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். மகள் போனாள். ஒரு ஜோடி செருப்பு, கொண்டை ஊசிகள், பாதி தீர்ந்த தைலம். குட்டி சிஸ்டர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"உங்களப் பத்தித்தாங்க்கா எப்பவும் பேச்சு. சத்தம் கேக்குதுன்னு சொன்னதுக்கு வீட்டையே பிரிச்சுப் போட்டுட்டாள்னு சிரிப்பாங்க."

மகள் தைலத்தைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அந்தச் சத்தத்தைப் பற்றி அம்மா வேறு என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றாள் குட்டி சிஸ்டர். பிறகு சொன்னாள். அந்த மாதங்களில் ஒரு நர்ஸுக்கு எட்டுக் கட்டில். பதினோராம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். பேச முடிந்தவரை, என் பஸ்ஸில் நீங்கள் டிக்கெட்டே எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒருநாள் மத்தியானம் ஒன்பதாம் கட்டில்காரர் மூச்சுக் குழாயைப் பிடுங்கிவிட்டார். அம்மா அங்கே ஓடும்போது பதினொன்றில் மானிட்டர் அடித்தது. அதன் வாயை அடைக்க ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் இரண்டு நிமிடம் அடிக்காது. இதோ வந்துவிடுகிறேன் என்று அழுத்திவிட்டுப் போனாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி அடித்தது. எட்டி அழுத்தினாள், ஆளைப் பார்க்காமல். மூன்றாம் தடவை அடித்தபோது போய்ப் பார்த்தாள். அவர் போய்விட்டிருந்தார்.

"அவர் சம்சாரம் வந்து பெரிய சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தீங்களாமேன்னு. இவங்க ஆமான்னுட்டாங்க." குட்டி சிஸ்டர் மூக்கைத் துடைத்தாள். "யாராச்சும் கேட்டா சொல்லிடலாம்னு இருந்தாங்கக்கா. யாருமே கேக்கல."

யாருமே என்பதில் யார் யார் அடக்கம் என்று மகளுக்குத் தெரிந்தது. அவள்தான் நான்கு கட்டம் போட்டுத் தாள் கொடுத்தவள். அது என்ன சத்தம் என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றாள். குட்டி சிஸ்டர் மறுக்கவில்லை. பக்கத்துச் சாமான் அறையில் உபரி மானிட்டர் ஒன்று இருந்தது. யாருடைய உடம்போடும் சேராத அதை ஓடவிட்டு, எதையோ அழுத்தினாள்.

மூன்று. பிறகு இரண்டு. தட்டின் விளிம்பில் அம்மா காட்டியதேதான், வேகம்கூட மாறவில்லை.

குட்டி சிஸ்டர் பட்டனைத் தொட்டாள். அறை அமைதியானது. மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் இவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடி அமைதி. மூன்றாம் தடவை அடித்தபோது குட்டி சிஸ்டரின் கையை மகள் பிடித்துக்கொண்டாள். அடிக்கட்டும் என்றாள்.

வெளியே ஓடிவரும் காலடிகள் கேட்டன. கதவைத் தள்ளிக்கொண்டு வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் நுழைந்தாள், அம்மா வயதுக்காரி, ஒரு கையில் மட்டும் உறை. கட்டிலைத் தேடினாள். கட்டில் இல்லை. துடைப்பங்களும் அட்டைப் பெட்டிகளும்தான். நெஞ்சில் கை வைத்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

குட்டி சிஸ்டர் அவசரமாக அணைத்தாள். விளையாடுகிற இடமா இது, மூளை இருக்கிறதா என்று அவளுக்குச் சரமாரியாகத் திட்டு விழுந்தது. நடுவில் மகளைப் பார்த்ததும் திட்டு நின்றது. இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, உறையை விரல் விரலாகக் கழற்றினாள்.

"பெரிய சிஸ்டர் பொண்ணா? மன்னிச்சிடும்மா. இந்தச் சத்தம் கேட்டா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வீட்ல மிக்ஸிய நிறுத்தினதும் அடிக்கும். என் வீட்டுக்காரர் மிக்ஸியவே மாத்திட்டார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது சிரிப்பாக முடியவில்லை.

மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மகள் அம்மாவோடு இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு பெட்டியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். யாரிடம் கேட்டிருக்க வேண்டுமோ அவள் இல்லை, ஆனாலும் கேட்டாள்.

"உங்களுக்குக் கேக்கறது எதோட சத்தம் சிஸ்டர்?"

இன்சார்ஜ் சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். யோசிக்கவில்லை.

"நாலாம் கட்டில்" என்றாள்.