இருட்டில் பழுத்த நிறம்

இடது கை பொம்மையின் இடுப்பைப் பிடித்திருக்கிறது. வலது கை நீளமான கம்பிக்கொக்கி ஒன்றைக் கழுத்து ஓட்டை வழியாக உள்ளே விட்டு, மார்பைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, தொடைக்குள் இருக்கும் எலாஸ்டிக்கைத் தேடுகிறது. கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. அது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கொக்கி மாட்டினால் விரலுக்கு ஒரு சின்ன இழுப்பு தெரியும். தெரிந்தது. எலாஸ்டிக்கை மெல்ல மேலே இழுத்து, கழுத்துக்கு வெளியே வந்த முனையில் ஒரு பென்சிலைக் குறுக்கே செருகியதும், பொம்மை தலையில்லாமல் மேசைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பன்னிரண்டு வருஷமாக யாரும் தொடாத உடம்பு அது. தொடாவிட்டாலும் ரப்பர் செத்துவிடும். பழைய எலாஸ்டிக்கை வெளியே எடுத்தபோது உயிரில்லாமல் நூல்போல வந்தது. அந்த உடம்பைக் கொண்டுவந்து கொடுத்தவர் மாடிப்படி இறங்கிப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வழக்கமாக அவள் இவ்வளவு அவசரப்பட மாட்டாள்.

பகலில் அவள் பல்செட் செய்பவள். இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை ஒன்றின் மாடியில் லேப். நான்கு பேர் வேலை செய்யும் நீள அறை. மெழுகு உருகும் வாசனை, தேய்க்கும் இயந்திரத்தின் கீச்சு. இருபத்தாறு வருஷமாக முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் செய்து அனுப்புகிறாள். அந்தப் பற்கள் சிரித்தனவா, எதைக் கடித்தன என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அளவு சரியில்லை என்றால் திரும்பி வரும். ஒன்றும் வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பொம்மை வேலை அவளே கற்றுக்கொண்டது. ஆனால் கண்ணைப் பழக்கியது லேப்தான். நிறத்தை டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது. காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில், ஐந்து எண்ணும் வரைதான் பார்க்கலாம். அதற்கு மேல் பார்த்தால் கண் சமாதானம் ஆகிவிடும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிய ஆரம்பிக்கும். உடனே சாம்பல் துணி ஒன்றைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டு, மறுபடியும் ஐந்து எண்ண வேண்டும்.

முழங்கை நீளத்தில், மூட்டுக்கு மூட்டு அசையும் ரெசின் வார்ப்புப் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது. விலை கொஞ்சநஞ்சமல்ல. அதனால் தலையைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் விற்கிறார்கள். எப்படி வாங்குவது நல்லது என்ற சண்டை அந்தக் கூட்டத்தில் ஓய்ந்ததே இல்லை. முழுசாக வாங்கினால் ஒரே வார்ப்பு, ஒரே நிறம். கழுத்தும் தலையும் ஒன்றையொன்று தெரிந்தே பிறந்தவை. ஆனால் பணம் மொத்தமாக வேண்டும். முகம் பிடித்து உடம்பு பிடிக்காவிட்டாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் பிடித்த முகம், பிடித்த உடம்பு. ஆனால் ஒரு கம்பெனி சாதாரண நிறம் என்று விற்பது இன்னொரு கம்பெனியின் பக்கத்தில் வைத்தால் காய்ச்சல் கண்டதுபோல இருக்கும். கழுத்து பெருத்திருக்கும், தலையின் ஓட்டை சிறுத்திருக்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் அவளைக் கூப்பிடுவார்கள்.

யார் எதைக் கேட்டாலும் அவளுடைய முதல் கேள்வி, "கழுத்து எவ்வளவு?" என்பதுதான். அதனால் கூட்டத்தில் அவள் பெயரே கழுத்து அக்கா என்று ஆகிவிட்டது. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவரிடமும் கழுத்து எவ்வளவு என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. அவள் மறுத்ததில்லை. அந்த வருஷம் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு அவள் சொல்லும் யோசனை ஒன்றே ஒன்று. முழுசா வாங்கிடுங்க, இப்ப தலை, அடுத்த வருஷம் உடம்புன்னு நினைக்காதீங்க, அந்த அடுத்த வருஷம் வராது என்பாள். பட்டுத் தெரிந்துகொண்டது அது. முப்பத்தாறு வயதில் அவள் ஒரு தலை வாங்கினாள். இமை பாதி இறங்கிய முகம். யாரோ பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல வாய் லேசாகத் திறந்திருக்கும். உடம்பையும் சேர்த்து வாங்க அன்று முடியவில்லை. அடுத்த வருஷம் கேட்டபோது அந்த நிறத்தில் உடம்பு வார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

தலையைக் கறுப்புத் துணியில் சுற்றி பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். வெளிச்சம் பட்டால் வார்ப்பு மஞ்சளடித்துவிடும், பழுத்துவிட்டது என்பார்கள். அந்த நிற உடம்பு எப்போதாவது விற்பனைக்கு வந்தது. எல்லாம் யாருடைய கண்ணாடி அலமாரியிலோ வெயில் பார்த்து நின்று பழுத்தவை. ஒவ்வொன்றையும் ஜன்னலருகே வைத்து ஐந்து எண்ணினாள். ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினாள். ஆறு உடம்பு அப்படிப் போனது.

மாதம் ஒரு தடவை தம்பி வீட்டுக்குப் போவாள். தம்பி மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணி வீட்டுக்கு யார் போறது, கதவைத் திறந்தா தலைங்கதான் வாங்கன்னு கூப்பிடுது என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஒருமுறை, "ஊர்ல இருக்கிற தலைக்கெல்லாம் உடம்பு தேடித் தர்றீங்க அண்ணி, உங்களுக்குன்னு..." என்று ஆரம்பித்தவள், தம்பி செருமியதும் நிறுத்திக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டாள்.

இந்தத் திங்கட்கிழமை மாலை வந்தவர், பஸ் டிப்போவில் வண்டிகள் வரும் நேரமும் போகும் நேரமும் குறிப்பவர். நாலு நாற்பதுக்கு வருவதாகச் சொல்லி நாலு நாற்பதுக்குக் கதவைத் தட்டினார். கையில் இரண்டு பெட்டி. ஒன்றில் பிரிக்காத உடம்பு. இன்னொன்றில், போன வாரம் யாரிடமோ வாங்கிய, வேறு கம்பெனியின் தலை. மகளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது கேட்டாளாம். முழுசாக வாங்கக் கையில் இல்லை. உடம்பு மட்டும் விலை குறைத்துக் கொடுத்தார்கள். தலை அடுத்த வருஷம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் அந்தத் தலை கிடைக்கவில்லை.

"ஒரு வருஷம் கேட்டுக்கிட்டே இருந்தா," என்றார். "அப்புறம் கேக்கல."

இப்போது மகளுக்கு வெளிநாட்டில் வேலை. சனிக்கிழமை விமானம். அதற்குள் முழுசாக்கிக் கையில் கொடுத்துவிட வேண்டும். மகள் அன்று கத்தரித்துக் கொடுத்த படத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்துக் காட்டினார். மடிப்பு விழுந்த இடங்கள் வெள்ளையாகிவிட்டன. இமை பாதி இறங்கிய முகம். அவளுடைய பிஸ்கட் டின்னில் இருப்பது.

காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றாள்.

"சேரலேன்னா உடம்ப நீங்களே எடுத்துக்குங்கம்மா," என்றார் அவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "உங்ககிட்ட யாராவது கேப்பாங்க. நான் அவளுக்கு ஒரு நல்ல சூட்கேஸ் வாங்கிக் குடுத்துடறேன்."

செவ்வாய்க்கிழமை காலை அவர் வாங்கியிருந்த தலையை வைத்துப் பார்த்தாள். ஐந்து எண்ணவே வேண்டியிருக்கவில்லை. தலை ரோஜா நிறம், உடம்பு பால் கலந்த மண் நிறம். கழுத்தில் கோடு கிழித்ததுபோல இருந்தது. எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு அலமாரியின் முன் உட்கார்ந்து டின்னைத் திறந்தாள். உள்ளே இருந்த தலையை அந்தக் கழுத்தில் மாட்டி ஜன்னலருகே வைத்தாள்.

ஐந்து எண்ணினாள். சாம்பல் துணியைப் பார்த்தாள். மறுபடி ஐந்து. பொம்மையைத் திருப்பிப் பிடரிப் பக்கம் ஐந்து. கோடு இல்லை. வெயில் படாவிட்டாலும் வார்ப்பு தானாகவே கொஞ்சம் பழுக்கும். தலை கறுப்புத் துணிக்குள், உடம்பு அட்டைப்பெட்டிக்குள். இரண்டு வீட்டு இருட்டில், ஒன்றுக்கொன்று தெரியாமல், இரண்டும் ஒரே அளவு பழுத்திருந்தன.

அன்று லேப்புக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போனாள். உடம்புக்கு என்ன என்று முதலாளி கேட்டார். ஒண்ணும் இல்லை என்றாள்.

சாயங்காலம் வந்து பொம்மையை எதிர் நாற்காலியில், இரண்டு தலையணை வைத்து உயர்த்தி, மேசைக்கு மேல் முகம் தெரியும்படி உட்காரவைத்தாள். தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். சாப்பிடும்போது ரேடியோ போடுவது வழக்கம், அன்று போடவில்லை. லேப்பில் திரும்பி வந்த கீழ்ப்பல் செட் ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, தன் குரல் காதில் விழுந்ததும் நிறுத்தினாள். எதிரே வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது.

அப்போதுதான் டிப்போக்காரர் போனில் கூப்பிட்டார். "என்னம்மா, சேருங்களா?"

சேராது என்று சொன்னால் போதும். நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள், பொய்யும் ஆகாது. சூட்கேஸ் வாங்கிவிடுவார். ஆனால் ரோஜா நிறத்தை அடக்க முடியும். வண்ணச் சாக்பீஸைச் சுரண்டிப் பொடியாக்கி, பூசி, அது நிற்க ஸ்பிரே அடித்து, காயவிட்டு, மறுபடி பூசி, ஐந்து தடவை செய்தால் ஒரு கை தூரத்தில் கோடு தெரியாது. போன வருஷம் ஒரு நர்ஸுக்குச் செய்து கொடுத்திருக்கிறாள். பல்செட் சரியாக உட்காராவிட்டால் வாய்மேல் பழியைப் போடும் லேப்கள் உண்டு. அவள் வேலை கற்ற லேப் அப்படிப்பட்டது இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

"சேரும்," என்றாள். "வெள்ளிக்கிழமை வாங்க."

"நல்லவேளை, சூட்கேஸ் கடைக்குக் கெளம்பச் சட்டைய மாட்டிட்டேன்," என்று சிரித்துப் போனை வைத்துவிட்டார்.

தலையை அன்றே கழற்றவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். புதன்கிழமை விடாத மழை. ஈரக் காற்றில் ஸ்பிரே அடித்தால் முகம் வெள்ளை பூத்துவிடும். வேலை செய்ய முடியாது. அவள் மழையைத் திட்டவில்லை. அன்றும் பொம்மை எதிர் நாற்காலியில் இருந்தது. சாப்பிட்டு முடித்த தட்டோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், கை காய்ந்துபோயிற்று.

வியாழக்கிழமை வெயில் வந்தது. லேப்புக்கு லீவு சொன்னாள். தன் தலையைக் கழற்றித் துணியில் சுற்றி டின்னில் போட்டு மூடிவிட்டு, மற்றதை எடுத்து வேலையில் உட்கார்ந்தாள். தலையின் ஓட்டை கொஞ்சம் பெரிது. உள்ளே மெல்லிய தோல் வளையம் வெட்டி ஒட்டினாள். முதல் பூச்சு பச்சையாக அடித்தது. துடைத்தாள். மஞ்சளையும் பழுப்பையும் தேன் நிறம் வரும்வரை கலந்தாள். கன்னத்தின் ரோஜாவை விட்டுவிட்டுத் தாடையிலிருந்து கழுத்து வரை மட்டும் இறக்கினாள். ஐந்தாவது பூச்சுக்குப் பிறகும் ஒரு காதின் பின்னால் திருப்தியில்லை. அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஆறாவது முறை பூசினாள்.

வெள்ளிக்கிழமை நாலு நாற்பதுக்குக் கதவு தட்டப்பட்டது.

அவர் பொம்மையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கழுத்தருகே குனிந்து பார்த்துவிட்டு, எங்கே சேர்த்தீங்கன்னே தெரியலையே என்றார். பிறகு படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார்.

"முகம்தான் வேற."

"ஆமா, வேறதான்."

"பரவாயில்ல. தலைய எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாமாமே. இந்தத் தலை எங்கயாவது இருந்தா சொல்றீங்களா? எத்தனை வருஷம் ஆனாலும் சரி."

எந்தத் தலை யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் அவள் இதுவரை யாரிடமும் மழுப்பியதில்லை.

"ஒண்ணு இருக்கு," என்றாள். "என்கிட்ட. விக்கிறதுக்கு இல்ல."

அவர் பார்க்கலாமா என்று கேட்டார். டின்னைக் கொண்டுவந்து துணியைப் பிரித்தாள். பட்டுவிடுமோ என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"பன்னெண்டு வருஷமா நான் தலையத் தேடறேன்," என்றார். "நீங்க உடம்பத் தேடியிருக்கீங்க."

"ஆமா."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, சேரலேன்னா எடுத்துக்குங்கன்னு."

"சேர்ந்துடுச்சே."

அவர் என்ன விலை என்று கேட்கவில்லை. அவளும் உடம்பைக் கேட்கவில்லை. கீழே தெருவில் ஒரு பஸ் போனது. அவர் தன்னையறியாமல் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவ வெச்சுப் பாக்கலாமாம்மா?"

"நான் பாத்துட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எப்படி இருந்துச்சு?"

அவள் தலையைத் துணியில் சுற்றி, டின்னில் வைத்து, மூடியை அழுத்தினாள்.

"கோடு தெரியல," என்றாள்.

பிறகு அவருடைய பொம்மையை எடுத்து, பிடரிக்கு அடியில் பஞ்சு வைத்து, கை இரண்டையும் மார்போடு சேர்த்து, பெட்டிக்குள் படுக்கவைத்தாள். போற இடத்துல ஜன்னல் பக்கம் வெக்க வேண்டாம்னு சொல்லுங்க என்றாள். அவர் தலையாட்டினார். பெட்டியை மூடி, குறுக்கே இரண்டு சுற்று நாடா கட்டி, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.