வானம்பாடிக்கு விட்ட இடம்

எங்கள் சித்தப்பாவுக்கு இரக்க குணம் உள்ளவர் என்று நைனார்பாளையத்தில் பெயர் உண்டு. அந்தப் பெயர் வந்த கதையைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு மேற்கே எங்கள் கரம்பு கிடந்தது. என் நினைவில் அதில் ஏர் பட்டதில்லை. எங்கு பார்த்தாலும் முழங்கால் உயரப் புல். வானம்பாடிகள் அதற்குள்தான் முட்டையிடும். ஒன்று திடீரென்று எழும்பிப் பாடிக்கொண்டே மேலே போகும். பிறகு சத்தமில்லாமல் வேறெங்கோ இறங்கிவிடும். கூட்டைத் தேடித் தேடிக் கால்தான் வலிக்கும்.

மாடுகளை விற்ற வருஷம், இனிமேல் புல் எதற்கு என்று சித்தப்பா மக்காச்சோளம் போட முடிவு செய்தார். டிராக்டர் பாதிக் கரம்பைத் தாண்டியபோது சக்கரத்துக்கு முன்னால் ஒரு பறவை படபடத்து எழுந்தது. புல்தூரின் அடியில் கூடு, அதில் புள்ளி போட்ட முட்டைகள். நான் வண்டியை மறித்துக்கொண்டு அழுதேன்.

முட்டை மேல் ஏர் ஓட்டினால் பாவம் என்பார்கள் எங்கள் வீட்டில்.

"இன்னாத்துக்கு அழுவுற? கூட்ட வுட்டுட்டு சுத்திதான் ஓட்டுவோம். குஞ்சு பொரிச்சா ஒனக்குத்தான் மொதல்ல காட்டுவேன்" என்றார் சித்தப்பா.

ஒரு கட்டில் அகலத்துக்குப் புல்லை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உழுதார்கள். அவர் அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். சின்னசேலத்து உறவுக்காரர்கள்கூடக் கும்பிடு போட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். உழுத மண்ணுக்கு நடுவில் அந்தப் பச்சைத் திட்டு ரோட்டிலிருந்தே தெரிந்தது. எனக்குத் தெரிந்தது காக்கைக்குத் தெரியாதா? கூட்டில் ஓடுகள்தான் கிடந்தன. தாய்ப்பறவை மண்கட்டிகளுக்கிடையே அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகு ரொம்ப நாள் காக்கையைக் கண்டாலே கல்லெடுப்பேன்.

அடுத்த வருஷமும் சித்தப்பா அந்தத் திட்டை மட்டும் உழாமல் விட்டார். ஒரு வானம்பாடிகூட வரவில்லை. அவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"இதுங்களுக்குன்னு எடம் வுட்டு வச்சேன். ஒண்ணாச்சும் எட்டிப் பாத்துச்சா? நன்றி கெட்டதுங்க" என்று சொல்லி அதையும் உழச் சொன்னார்.

எனக்கும் பறவைகள் மேல் கோபம்தான். "ஆமா சித்தப்பா" என்றேன். கரம்பு முழுவதையும் பிடுங்கிக்கொண்டவருக்கு அவை எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.