சேற்றில் போட்ட மரியாதை

ஆறு ஓர் இடத்தில் வளைந்தது. அவ்வளவுதான் நடந்தது. வளைவின் வெளிப்பக்கம் அரித்து ஆழமானது, கப்பல் வந்தது. கப்பலைத் தொடர்ந்து வங்கி, கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி, கருத்துச் சொல்கிறவர்கள் என்று எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். உள்பக்கத்துக்குச் சேறு வந்தது. சேற்றைத் தொடர்ந்து யாரும் வரவில்லை. நாளடைவில் வெளிப்பக்கத்துக் கல்கரைக்காரர்கள் அந்த ஆழத்தைத் தங்கள் மூளையால்தான் தோண்டினோம் என்று நம்ப ஆரம்பித்தார்கள். எதிர்க்கரைக்காரர்கள் சோம்பேறிகள் என்பதற்கு அவர்கள் காலில் காய்ந்திருந்த சேறே சாட்சி.

அந்தச் சாட்சியோடு தினமும் கல்கரைக்கு வேலைக்குப் போனவர் கோல்காரர். துறைமுக அலுவலகத்தில் இருபத்தாறு வருடம். கோடு போட்ட நீண்ட இரும்புக் கோலை இறக்கி, "நாலு பத்து! நாலு முப்பது!" என்று கத்துவார், படகிலிருக்கும் குமாஸ்தா எழுதிக்கொள்வார். அடுத்தவர் கரையின் ஆழத்தைச் சொல்லியே தலை நரைத்த மனிதர்.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரம் இரண்டு நாள் கல்கரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நீர் வற்றும் வேளையில் படகு கரைக்கு வராது. நடுவில் அரைக் கிலோமீட்டர் சேறு. பழைய கதவுப் பலகையில் அவளை உட்காரவைத்துக் கோல்காரரும் மைத்துனனும் கயிறு கட்டி இழுப்பார்கள்.

"ஏண்டா, நான் என்ன பீரோவா?" என்று முதலில் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். பலகை இரண்டு முறை கவிழ்ந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது. "இன்னும் ஒரு மாசம் வர்றேங்க. அப்புறம் என்னை விட்டுடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார்.

அந்த மாதம்தான் சேறு தோண்டும் இயந்திரக் கப்பல் வருவதாக இருந்தது. ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். வந்தால் கல்கரையை இன்னும் ஆழமாக்கிவிட்டுப் போகும். இந்த முறை கோல்காரர் மனுமேல் மனு போட்டு ஒரு வாக்கு வாங்கியிருந்தார். சேற்றுக்கரையில் ஐந்து இடத்தில் கோல் இறக்கிப் பார்ப்பார்கள். இரண்டு மீட்டருக்கு வெறும் சேறாக இருந்தால் படகு வர ஒரு வாய்க்கால் கிடைக்கும். கல் தட்டினால் கிடையாது. இயந்திரத்தின் பல் போய்விடும்.

வெறும் சேறு! அதற்கா அந்தக் கரையில் பஞ்சம்?

முந்தின நாள் ஐந்து இடத்திலும் சிவப்புக் கொடி நட்டுவிட்டு அலுவலகம் திரும்பினார். விடிந்ததும் இன்ஜினியரோடு கிளம்ப வேண்டியிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார்.

காலையில் படகு நெருங்கியபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். கொடிக்குக் கொடி, உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியுமாக அழகான பாதை. முனையில் மைத்துனன், தலையெல்லாம் வாரி, பல் தெரிய நின்றுகொண்டிருந்தான்.

"மாமா, சார் ஷூவுல ஒரு துளி ஒட்டாது! நேத்து நீங்க போனதும் ஊரே கூடிப் போட்டோம். கல்லு பத்தலைன்னு நம்ம பின்சுவரையே இடிச்சுட்டேன்!"

"அடப் பாவி" என்றார் கோல்காரர், உதட்டுக்குள்.

இன்ஜினியர் பாதையில் நடந்தார். ஷூவில் ஒரு துளி ஒட்டவில்லை. முதல் கொடியில் கோல் இறங்கியது: டக். இரண்டாவது: டக். ஐந்தும் டக்.

"அடியில கல்லு" என்றார் இன்ஜினியர்.

"சார், இது நேத்து போட்ட கல்லு சார். நீங்க வர்றீங்கன்னு போட்டாங்க."

"தோண்டித் தர்றோம்னா எல்லாக் கரையிலயும் பாறை பஞ்சாயிடுது."

"இங்க பாருங்க சார், பத்தடி தள்ளி!" கோல்காரர் பாதையை விட்டு இறங்கினார், இடுப்பளவு புதைந்தார். ஓங்கி இறக்கிய கோல் பாதிக்குமேல் உள்ளே போனது. "ரெண்டு எழுபது! ரெண்டு எழுபது சார்!"

"வரைபடத்துல உள்ள அஞ்சு இடம்தான் கணக்கு. தண்ணி ஏறுது, கிளம்புங்க." திரும்பி நடந்தவர், பெருந்தன்மையாகச் சொன்னார்: "பாதை நல்லாப் போட்டிருக்காங்க."

அடுத்த வாரமே இயந்திரம் கல்கரையைத் தோண்டத் தொடங்கியது. தோண்டிய சேற்றை எங்காவது கொட்டியாக வேண்டுமே? உபயோகமில்லாத கரையில் கொட்டலாம் என்று விதி இருந்தது. தடித்த குழாய் ஒன்று இராப்பகலாகக் கருப்பாக வாந்தியெடுத்தது. ஊர் போட்ட பாதையைக் காணவில்லை.

ஆஸ்பத்திரி நாளான வியாழக்கிழமை மைத்துனன் பலகையோடு வந்து தலை குனிந்து நின்றான். வாசலில் உட்கார்ந்தபடி அவள் வெளியே பார்த்தாள்.

"முன்னைக்கு எவ்வளவுங்க கூடியிருக்கு?"

"இறக்கிப் பார்க்கலை" என்றார் கோல்காரர்.

"பலகையை உள்ள வைடா" என்றாள் தம்பியிடம். அவரிடம், "நீங்க வேலைக்குக் கிளம்புங்க. லீவு ஏன் வீணாக்குறீங்க?"

அவர் கெஞ்சினார், அதட்டினார், அழுதும் பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மதியத்துக்குமேல் கல்கரையிலிருந்து ஆள் வந்தது. புதிதாகத் தோண்டிய இடத்தை அளக்க வேண்டுமாம். போனார், படகின் நுனியில் நின்று கோலை இறக்கினார். அது போய்க்கொண்டே இருந்தது; கைப்பிடிவரை மூழ்கியும் அடி தட்டவில்லை.

"கோல் பத்தலை சார்" என்றார்.

கயிறு கட்டி இறக்கச் சொன்னார்கள்.