அக்காவின் படநோட்டு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி உடன்பிறந்தவள் என்ற முறையில் நான்தான் எழுத வேண்டும் என்று என் மகன் சொன்னான். ஒப்புக்கொண்டேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். நல்லதை மட்டும் எழுதிக் கொடுத்தால் படிக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும். அக்காவுக்கு அது நியாயம் ஆகாது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்று சொல்லும் ஊர்ப்பகுதியில். அப்பாவுக்குச் சொந்த ஊர் அடிவாரத்து முள்ளுக்குறிச்சி. கல்யாணமான புதிதில் அம்மாவோடு மலையேறி, அங்கே சிறிதாக ஒரு கடை வைத்தார். உப்பு, மண்ணெண்ணெய், புகையிலை, தீப்பெட்டி, வேட்டி, துண்டு. அந்நாளில் எங்கள் பக்கத்துக்கு பஸ் கிடையாது. சரக்கெல்லாம் தலைச்சுமையாகத்தான் ஏறும்.

அக்காவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது கடையில் ஒரு எண்ணெய்த் தகரம் பெரும் சத்தத்தோடு கீழே விழுந்ததாம். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் புரிந்தது. கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார்கள். சேலம் வரை தூக்கிப் போய் டாக்டரிடம் காட்டினார்கள். பிறவியிலேயே காது கேளாது, மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்த அம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. தகர டப்பாவில் பலாக்கொட்டைகளைப் போட்டு மூடி, அக்காவின் வயிற்றோடு சேர்த்து வைத்துக் குலுக்குவார். அதிர்வு தெரிந்ததும் அக்கா சிரிப்பாராம். "காதுல கேக்காட்டி என்னங்க, வகுத்துல கேக்குது பாருங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவாராம். மரவள்ளிக் குச்சியை நறுக்கி மாடும் வண்டியும் செய்து கொடுத்தார். கடையில் விற்கும் பொம்மை எதுவும் எங்கள் மலைக்கு வந்ததில்லை.

அப்பா செய்தது ஒரு நோட்டு. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. பொட்டலம் கட்டக் கீழேயிருந்து வரும் பழைய பத்திரிகைகளிலும் காலண்டர்களிலும் தீப்பெட்டிகளிலும் என்ன படம் கிடைத்தாலும் கத்தரித்து வைப்பார். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, தடித்த அட்டை போட்ட நோட்டில் ஒவ்வொன்றாக ஒட்டினார். கிடைக்காத படத்தைப் பென்சிலால் தாமே வரைந்தார். சோறு, தண்ணீர், காய்ச்சல், வயிற்றுவலி, ஆடு, மழை, கோயில், மாமா என்று நோட்டு வளர்ந்தது. அக்கா ஒரு விரலை மழை மேலும் இன்னொரு விரலை ஆட்டின் மேலும் வைத்தால், ஆடு மழையில் நனைகிறது என்று அர்த்தம். அம்மா ஓடிப் போய் ஆட்டைப் பிடித்துக் கட்டுவார். அந்த நோட்டு அக்காவின் வாய்.

அக்காவுக்கு ஆறு வயதானபோது நான் அந்த வீட்டுக்கு வந்தேன். நான் அம்மா வயிற்றில் பிறந்தவள் அல்ல. அம்மாவுக்குத் தூரத்து உறவான ஒரு வீட்டில், அடிவாரத்தில், ஐந்தாவது பெண்ணாகப் பிறந்தவள். அவர்களால் வளர்க்க முடியவில்லை. அம்மாவுக்கு அடுத்த குழந்தை தங்கவில்லை. பேசி முடித்து, அப்பா என்னைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து மலையேறினார். என்னைப் பெற்ற வீட்டாருக்கும் இந்த மலர் போகும். அவர்கள் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் வயிறு பெரிதாகாமல் வீட்டுக்குள் எப்படிக் குழந்தை வந்தது என்று அக்காவுக்கு விளங்கவில்லையாம். இரண்டு நாள் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாராம். அவருக்குப் புரிய வைக்க அப்பா நோட்டில் ஒரு பக்கம் வரைந்தார். கூடையோடு மலையேறும் ஆள்; மேலே கை நீட்டி நிற்கும் ஒரு பெண், ஒரு சிறுமி. சிறுமியைத்தான் எல்லோரையும் விடப் பெரிதாக வரைந்திருந்தார். அக்காவுக்கு நோட்டிலேயே பிடித்த பக்கம் அது. எனக்கும் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறார். கூடையில் இருப்பது பலாப்பழம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அக்காதான். வாய்ப் பேச்சு வருமுன் எனக்குக் கைப்பேச்சு வந்தது.

எனக்கு எட்டு வயதானபோது முள்ளுக்குறிச்சிக்குச் சினிமாக் கொட்டகை வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கே தையற்கடை வைத்திருந்தார். எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். குடும்பத்தோடு இறங்கிப் போனோம். சாயங்கால ஆட்டம். மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதிப் படத்தில் ஒலி நின்றுவிட்டது. படம் மட்டும் ஓடியது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். அக்கா மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரை மறையவே, இவர்களெல்லாம் ஏன் எழுந்துவிட்டார்கள் என்று என்னைக் கேட்டார். மாமா அதைக் கவனித்தார்.

மலைக்குத் திரும்பியபின் ஒரு வாரம் கடைமுன் கூட்டம். அந்தப் படத்தை முழுவதும் அக்கா கையாலும் முகத்தாலும் நடித்துக் காட்டினார். வில்லன் நடையை அவர் நடந்தபோது, கீழே இறங்கியே அறியாத கிழவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாமா சும்மா இருக்கவில்லை. தம்மிடம் துணி தைக்கக் கொடுக்கும் வாத்தியார் ஒருவரிடம் விசாரித்தார். தூரத்து ஊர் ஒன்றில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பது தெரிந்தது. நோட்டைப் பற்றியும் எழுதிக் கடிதம் போட்டார். பொங்கல் கழித்துப் பெண்ணை அழைத்து வரும்படியும், தகப்பனார் செய்த படநோட்டையும் அவசியம் கொண்டு வரும்படியும் பதில் வந்தது. மாமா மலையேறி வந்து அதை வாசித்துக் காட்டினார்.

"மச்சான், வயசு கொஞ்சம் கூடத்தானுங்க. ஆனா அந்த நோட்டப் பாத்தாங்கன்னா உட மாட்டாங்க. நம்ம புள்ளைக்கு எவ்வளவு தெரியும்னு அதுல இருக்குது."

அப்பா நோட்டின் அட்டைக்குப் புதுத் துணி ஒட்டினார்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தார். அப்பா கடையில் இருந்தார். என்னோடு படித்த இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். விருந்தாளி யார் வந்தாலும் அக்கா நோட்டைக் காட்டுவார். அன்றும் எடுத்து வந்து, தமக்குப் பிடித்த பக்கத்தைத் திறந்தார். கூடையைத் தொட்டார். என்னைத் தொட்டார். மறுபடியும் கூடையைத் தொட்டு, என் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டார்.

வந்தவர்களில் ஒருத்தி சொன்னாள்: "எங்கூட்டுலயும் சொல்லிக்குவாங்க. உன்னையக் கூடையில தூக்கிட்டு வந்தாங்களாமா. நீ இவிய புள்ள இல்லியாமா."

மற்றவள் சிரித்தாள். அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. அதுவரை தெரியாதது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அக்கா இன்னமும் சந்தோஷமாக அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நோட்டைப் பிடுங்கி எரிகிற அடுப்பில் போட்டேன்.

அக்கா அடுப்புக்குள் கையை விட்டார். காகிதமும் பசையும் காய்ந்து கிடந்தவை, சடசடவென்று பிடித்துக்கொண்டன. கையில் வந்தது கருகிய அட்டை. வலது கை விரல்களில் கொப்புளம்.

குடத்தோடு வந்த அம்மா பதறிப் போனார். "என்னாச்சு கண்ணு? எப்புடியாச்சு?"

"அக்காதான் நோட்ட அடுப்புல போட்டுடுச்சுங்கம்மா" என்றேன்.

அம்மா அக்காவை அதற்கு முன் அடித்ததில்லை. அன்று முதுகில் இரண்டு அடி அடித்தார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார். அக்கா அழவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்து அப்பாவும் மாமாவும் அக்காவை அழைத்துப் போனார்கள். நான்காம் நாள் அக்காவோடேயே திரும்பினார்கள். அப்பா கால் கழுவிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"வயசு மிஞ்சிப் போச்சுன்னு சொல்லீட்டாங்க. என்னென்னமோ படத்த வச்சுக் கேட்டாங்க. இவ தலையே நிமுரல. கையில கட்டு வேற. நோட்டு எங்கன்னு கேட்டாங்க, எரிஞ்சு போச்சுன்னேன்."

"நோட்டு இருந்திருந்தா சேத்தியிருப்பாங்களாங்க?"

"யாருக்குத் தெரியும்."

அம்மா சொன்னார்: "ஊட்ட உட்டுட்டுப் போவ மனசில்லாமத்தான் அடுப்புல போட்டுட்டாளோ என்னமோ. அவளுக்கு வேண்டாம்னா உட்டுருங்க. இனிமே எங்கீயும் கூட்டிட்டுப் போவ வேண்டாங்க."

இன்னொரு பள்ளிக்கூடம் இருப்பதாக மாமா அடுத்த வருஷம் தகவல் கொண்டுவந்தார். அப்பா மறுத்துவிட்டார். "புள்ளைக்கே இஷ்டமில்ல, மாப்ள." நான் அங்கேதான் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்காவால் நடந்ததைச் சொல்ல முடியாது, அதனால் நான் தப்பித்தேன் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். அது பொய். ஒரு சினிமாவை முழுவதும் கையால் சொன்னவருக்கு, என்னைக் காட்டி, நோட்டைக் காட்டி, அடுப்பைக் காட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் சொல்லாமல் இருந்தார். அதை ஒப்புக்கொள்ள எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அப்பா என்னைத் தனியே உட்கார வைத்து, நான் வந்த விவரத்தைச் சொன்னார். "அந்தப் பக்கத்த மொதல்ல உங்கக்காளுக்காவத்தான் வரைஞ்சேன் சாமி. நீ வெவரம் தெரிஞ்சதும் உனக்கும் அதக் காட்டியே சொல்லிக்கலாம்னு இருந்தேன். அது எரிஞ்சு போச்சு. அப்பறம் எப்புடிச் சொல்றதுன்னே எனக்குத் தெரியல" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. எரிந்தது அக்காவின் வாய் மட்டுமல்ல, எனக்காக வைத்திருந்த பேச்சும் அதிலேயே இருந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அக்கா பெற்றோரோடு மலையிலேயே இருந்தார். கடை பார்த்தார், ஆடு வளர்த்தார், மிளகு காயவைப்பதில் அவர் கைப்பக்குவம் யாருக்கும் வராது. அம்மாவும் அப்பாவும் காலமானபின் ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த புதிதில் நான் அவருக்கு வண்ணப் படப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மரியாதையாக எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, தவழ்ந்துகொண்டிருந்த என் மகனிடம் கொடுத்துவிட்டார். ஆனால் அதை வைத்தே அவனுக்குக் கைப்பேச்சு சொல்லிக் கொடுத்தார். இரண்டே வருஷத்தில் அக்கா சொல்வது எனக்குப் புரிவதைவிட அவனுக்கு நன்றாகப் புரிந்தது. அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவில் கடைசிவரை அவன்தான் பேசினான்.

அக்கா யாரையும் குறை சொன்னதில்லை. எனக்கு இரண்டாவது பிரசவம் கஷ்டமானபோது நாற்பது நாளும் என் பக்கத்தை விட்டு நகரவில்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் நெற்றியைத் தொட்ட கை அவருடையது.

கடைசி இரண்டு வருஷம் சர்க்கரை நோய் அவர் கண்ணைப் பிடித்தது. மெல்ல மெல்லப் பார்வை போய்விட்டது. காது கேளாதவருக்குக் கண்ணும் போனால் என்ன ஆகும் என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. கையைத் தொட்டுச் சோறு, தண்ணீர், தூக்கம் என்று சொல்வதோடு எங்கள் பேச்சு முடிந்தது. அப்போதுதான், நான் செய்ததை அவரிடம் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் என்று தவிப்பு வந்தது. கண் இருந்த காலமெல்லாம் பக்கத்திலேயே இருந்தேன், சொல்லவில்லை.

அவர் போவதற்கு முந்தின வாரம் ஒரு காலை வேளையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வலது கையை எடுத்து என் மார்பில் வைத்தேன். பிறகு அவர் விரல்களை மடக்கிப் பிடித்து, நோட்டைத் திறப்பதுபோலச் செய்தேன். தீ எரிவதுபோலச் செய்தேன். மீண்டும் என் மார்பில் வைத்தேன். அக்கா யோசித்தார். அடுப்பு மூட்டிச் சமைக்கப் போகிறேன், அவருக்குப் பசிக்கிறதா என்று கேட்கிறேன் என நினைத்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையசைத்து, நீ சாப்பிடு என்று என் வாயைத் தொட்டுக் காட்டினார்.

அவரைப் படுக்கையில் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாவுக்கும், நினைத்த நேரத்துக்குக் காரை எடுத்து வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், கொல்லிமலையிலிருந்து பஸ் ஏறி வந்து காரியம் முடியும்வரை உடனிருந்த வளப்பூர் நாட்டு உறவினர்களுக்கும், பெற்ற தாயைப்போல அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட என் மருமகளுக்கும், இத்தனை வருஷமும் அக்காவை இந்த வீட்டின் மூத்தவராக நடத்திய என் கணவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டு விசேஷங்களில், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தன் நோட்டைத் தானே கொளுத்திய பெண் என்று அக்காவைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. சொன்னவர்கள் மேல் தப்பில்லை. நானும் கூடவே சிரித்திருக்கிறேன். அக்கா பள்ளிக்கூடம் போக ஆசையாக இருந்தார். அதற்காக அம்மா தைத்துக் கொடுத்த பாவாடையை மூன்று நாள் முன்னதாகவே உடுத்திப் பார்த்தார். நோட்டைக் கொளுத்தியது நான். இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.